டீச்சர் வண்டியும் கடப்புறத்து மண்ணும்

கேள்வி:

கிள்ளியூர் வட்டாரத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். இரண்டு வருடமாக மின்சார ஸ்கூட்டரில்தான் பள்ளிக்குப் போய்வருகிறேன். புகையில்லை, பெட்ரோல் செலவில்லை என்று பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்வதுண்டு. போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, “டீச்சர், இந்த மாதிரி வண்டிக்கு வேண்டியாக்கும் எங்க கடப்புறத்து மண்ணத் தோண்டப் போறதுண்ணு அப்பா சொன்னாங்க. உள்ளதா?” என்று கேட்டான். நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டேன். வீட்டில் வந்து தேடினால், காங்கோவில் சின்னப் பிள்ளைகள் கோபால்ட் தோண்டும் காணொளிகளாக வருகின்றன. அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. நான் இந்த வண்டியை வாங்கியது தவறா? பசுமை ஆற்றல் என்று நடத்தும் பாடம் பொய்யா? அந்தப் பையனுக்கு என்ன பதில் சொல்வது?

ஓர் ஆசிரியை, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

நீங்கள் வண்டி வாங்கியது தவறில்லை, பாடமும் பொய்யில்லை. ஆனால் அந்தப் பையன் கேட்டது நியாயமான கேள்வி. அவனுக்கு முழுப் பதில் கிடைக்க வேண்டும்.

முதலில் அவன் அப்பா சொன்னதைப் பார்ப்போம். பெரும்பாலான மின்சார ஸ்கூட்டர்களின் மோட்டாரில் நியோடிமியம் காந்தம் இருக்கிறது. நியோடிமியம் அருமண் தனிமங்களில் ஒன்று. உங்கள் கரையின் கருமணலில் இல்மனைட், சிர்க்கான், கார்னெட் ஆகியவற்றோடு கலந்து கிடக்கும் மோனசைட்டில் அது உண்டு. அதே மோனசைட்டில் அணுசக்தித் துறைக்கு வேண்டிய தோரியமும் உண்டு. இன்று உங்கள் வண்டியில் இருக்கும் காந்தம் அநேகமாகச் சீனாவிலிருந்து வந்தது. உலகின் அருமண் சுத்திகரிப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அங்கேதான் நடக்கிறது. 2025 ஏப்ரலில் சீனா ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது நம் வாகன ஆலைகள் திணறின. அதே ஆண்டு நவம்பரில், உள்நாட்டிலேயே ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் தயாரிக்க 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அந்தக் காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியத்துக்கு நம் நாட்டின் முக்கிய மூலம் மோனசைட். கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் தாது மணல் எடுக்க மத்திய அரசின் ஐஆர்இஎல் நிறுவனம் முன்வைத்த திட்டம் அதற்கு முந்தியது. ஆனால் காந்தத்துக்கான இந்த ஓட்டம் அதன் மேல் இருக்கும் அவசரத்தைக் கூட்டும். ஆகவே அப்பா சொன்னதில் உண்மை இருக்கிறது.

உங்கள் ஊருக்கு இது புதுக் கதையுமில்லை. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். ஓரிரு ஆண்டுகளில் மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை வந்தது. அன்று தேவைப்பட்டது தோரியம். ஐரோப்பாவின் எரிவாயு விளக்குகளில் மாட்டும் மேன்டில் வலைக்காக. ஆக, நூறு வருடத்துக்கு முன்பே அந்தக் கரையின் மண் எங்கோ இருந்த தெருக்களுக்கு வெளிச்சம் கொடுத்திருக்கிறது. அதில் கரைக்குக் கிடைத்த பங்கு என்ன என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்வியைத்தான் உங்கள் மாணவன் இப்போது கேட்கிறான்.

இனி உங்கள் பாடத்துக்கு வருகிறேன். 2024-25-ல் இந்தியா மட்டும் 100 கோடி டன்னுக்கு மேல் நிலக்கரி வெட்டியது. 2024-ல் உலகம் முழுவதும் எடுத்த கோபால்ட் 3 லட்சம் டன்னுக்கும் குறைவு, லித்தியமும் அப்படியே. அருமண் ஆக்சைடுகள் சுமார் 4 லட்சம் டன். ஒரு டன் உலோகத்துக்குப் பல மடங்கு பாறையையும் மண்ணையும் புரட்ட வேண்டும் என்பது உண்மைதான். அதையும் சேர்த்துப் பார்த்தாலும் ஒரு பெரிய வேறுபாடு நிற்கிறது. நிலக்கரி ஒருமுறை எரிந்தால் சாம்பலும் கரியமில வாயுவும்தான் மிச்சம். பேட்டரியில் இருக்கும் கோபால்ட்டும் நிக்கலும் வண்டி ஓடி முடிந்த பிறகும் அப்படியே இருக்கின்றன. பிரித்தெடுத்து மறுபடி பயன்படுத்தலாம். பெட்ரோலையும் நிலக்கரியையும் விட்டு வெளியேறுவது சரியான பாதை. ஆனால் பாதை சரி என்பதற்காக, வழியில் இருக்கும் வீடுகளை மிதித்துக்கொண்டு போகலாம் என்றாகாது.

நீங்கள் பார்த்த காணொளிகளின் ஊர் பெரும்பாலும் கொல்வேசியாக இருக்கும். காங்கோ ஜனநாயகக் குடியரசின் தெற்கே, லுவாலாபா மாகாணத்தில் இருக்கிறது. உலகின் கோபால்ட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு அந்த நாட்டில் கிடைக்கிறது. அதில் பெரும்பகுதியை எந்திரங்கள் ஓடும் பெரிய சுரங்கங்கள் எடுக்கின்றன. மீதியைக் கடப்பாறையும் மண்வெட்டியும் சாக்குமாக இறங்குகிறவர்கள் எடுக்கிறார்கள். கொல்வேசியின் கசுலோ பகுதியில் 2014-ல் ஒருவர் தன் வீட்டிலேயே பள்ளம் தோண்டியபோது கோபால்ட் தாது தென்பட்டது. சேதி பரவியதும் அக்கம்பக்கத்தார் தத்தம் வீட்டுத் தரையைத் தோண்டத் தொடங்கினார்கள். முட்டுக்கொடுக்காத சுரங்க வழிகள் சரிந்து ஆட்கள் புதைவது அங்கே திரும்பத் திரும்ப நடக்கிறது. 2019 ஜூனில் ஒரு பெரிய சுரங்க வளாகத்துக்குள் நுழைந்து தோண்டியவர்களில் 40 பேருக்கு மேல் ஒரே சரிவில் இறந்தார்கள். தெற்குக் காங்கோவின் சுரங்கங்களில் சுமார் 40,000 பிள்ளைகள் வேலை செய்ததாக யூனிசெஃப் 2014-ல் மதிப்பிட்டது. கல்லைப் பொறுக்குவதும் கழுவுவதும் சுமப்பதும் அவர்கள் வேலை.

இதைக் கேட்டதும் காங்கோ கோபால்ட்டே வேண்டாம் என்று சொல்லத் தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித் தோன்றியதுண்டு. இப்போது அந்த எண்ணம் இல்லை. தோண்டுகிற குடும்பத்துக்கு அந்தச் சாக்குதான் அன்றைய சாப்பாடு, பிள்ளையின் பள்ளிக் கட்டணம். வாங்குவதை நிறுத்தினால் குழி மூடாது, விலைதான் விழும். விலை விழுந்தால் இன்னும் ஆழத்துக்கு இறங்குவார்கள், இன்னொரு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போவார்கள். அங்கே வேண்டியது வேறு: கையால் தோண்டுகிறவர்களுக்குச் சட்டப்படி ஒதுக்கிய இடம், முட்டுக்கொடுத்த வழிகள், ஏமாற்றாத தராசு, நியாய விலை, அருகிலேயே பள்ளி. காங்கோவின் சட்டத்திலேயே இப்படி இடம் ஒதுக்க வழி இருக்கிறது. ஆனால் நல்ல தாது இருக்கும் நிலமெல்லாம் பெரும்பாலும் நிறுவனங்களின் கையில். கையால் எடுத்த தாதுவை அரசே வாங்குவதற்கென்று 2019-ல் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். வேலை மெதுவாக நகர்கிறது. என்றாலும் திசை சரி.

இத்தனை வருடம் கனிமங்களோடு புழங்கியதில் எனக்கு உறுதியான ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சுரங்கம் நியாயமானதா என்று அறிய முதலில் கேட்க வேண்டியது, அந்த மண்ணில் வாழ்கிறவர்களை முன்கூட்டிக் கேட்டார்களா, அவர்கள் வேண்டாமென்றால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருந்ததா என்பதுதான். கூலி, ராயல்டி, பாதுகாப்பு எல்லாம் அதற்குப் பிறகு. மறுக்கும் உரிமை உள்ளவருக்குத்தான் பேரம் பேசும் பலமும் இருக்கும்.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் வெட்டும் திட்டத்தைக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டோங்ரியா கோண்டு மக்களின் 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாமென்றன. திட்டம் நின்றது. மதுரைக்குப் பக்கத்தில், மேலூர் அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் எடுக்க 2024 நவம்பரில் ஏலம் முடிந்தபோது, சுற்றுவட்டார மக்கள் கிராம சபைத் தீர்மானம் போட்டார்கள், தெருவில் இறங்கினார்கள். சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது.

ஆனால் உங்கள் கரைக்கு ஒரு குறை இருக்கிறது. நியமகிரிக்குக் கைகொடுத்தது பழங்குடிகளுக்கும் வனவாசிகளுக்குமான வன உரிமைச் சட்டம். கடலோர மீனவருக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. அவர்களுக்கு இருந்த கதவு, சுற்றுச்சூழல் அனுமதிக்கு முன்னால் நடக்கும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் ஒன்றுதான். அங்கே சொல்லும் ‘வேண்டாம்’ அரசைக் கட்டுப்படுத்தாது. பதிவு மட்டும் ஆகும். என்றாலும் அதிகாரிகள் மக்கள் முன்னால் உட்கார்ந்து காதுகொடுத்தாக வேண்டும். கிள்ளியூர்த் திட்டத்துக்கு 2024 அக்டோபரில் நடக்கவிருந்த கூட்டம் எதிர்ப்பால் தள்ளிப்போனது. 2025 செப்டம்பர் 8 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை வெளியிட்டது. அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்குமான சுரங்கத் திட்டங்களுக்குக் கருத்துக்கேட்பு தேவையில்லை என்றது அது. அப்போதைய தமிழ்நாட்டு முதல்வர் மு.க. ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறும்படி பிரதமருக்கு எழுதினார். பையனின் வீட்டில் இந்தப் பேச்சு அடிபடுவதற்கு இது காரணமாக இருக்கலாம். நாட்டுக்குக் கனிமம் அவசரம் என்பதை நான் ஏற்கிறேன். அவசரம் என்பதற்காக மக்களைக் கேட்காமல் விடுவதை ஏற்க முடியாது. இந்தக் கதவை மறுபடி திறக்க வேண்டும்.

கரை மக்களின் சந்தேகம் வெறும் வதந்தியில் பிறந்ததில்லை. தென்மாவட்டக் கடற்கரையில் தனியார் பல ஆண்டுகள் சட்டவிரோதமாகத் தாது மணல் அள்ளிய வழக்கில், 5,832 கோடி ரூபாயை வசூலிக்கவும் சிபிஐ விசாரிக்கவும் 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இவ்வளவு மணல் கண்ணெதிரே போனதைப் பார்த்தவர்களிடம் நம்புங்கள் என்று வாயால் சொன்னால் போதாது.

மோனசைட்டின் தோரியத்தால் வரும் கதிர்வீச்சு புற்றுநோய் தருமோ என்ற பயமும் கரையில் உண்டு. கேரளத்தின் கருநாகப்பள்ளியில், இதே போன்ற மணலின் மேல் வாழும் சுமார் 70,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009-ல் வெளியானது. மணலின் இயற்கைக் கதிர்வீச்சால் அங்கே புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்றது அது. மணலே விஷம் என்று பயப்பட வேண்டாம் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் அது மணலின் மேல் வாழ்வதைப் பற்றிய ஆய்வு. மணலைச் சலித்துப் பிரித்து, மோனசைட்டை ஒரே இடத்தில் குவிக்கும் வேலையையும் அதன் கழிவையும் அந்த ஆய்வை வைத்து நல்லதென்று சான்று சொல்ல முடியாது. தோண்டுவதற்கு முன்பும் தோண்டும்போதும் ஊராரின் உடல்நிலையை, நிறுவனத்தைச் சாராத மருத்துவர்கள் பதிவு செய்து ஊரறிய வெளியிட வேண்டும்.

பணம் பற்றியும் கேளுங்கள். காங்கோ 2018-ல் திருத்திய சட்டத்தில், சுரங்க ராயல்டியில் 15 விழுக்காடு அந்த இடத்து உள்ளாட்சிக்கே போக வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நம்மிடம் 2015 முதல் மாவட்டக் கனிம அறக்கட்டளை இருக்கிறது. அந்த ஆண்டுக்குப் பிந்தைய குத்தகைகள் ராயல்டியில் 10 விழுக்காட்டுக்குச் சமமான தொகையையும் முந்தையவை 30 விழுக்காட்டுக்குச் சமமானதையும் அதில் கட்ட வேண்டும். அந்தப் பணம் சுரங்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கானது. உங்கள் மாவட்டத்தில் எவ்வளவு சேர்ந்தது, எந்தக் கிராமத்துக்குச் செலவானது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டால் கேட்கலாம்.

உங்கள் வண்டிக்கு வருகிறேன். கையேட்டை எடுத்துப் பாருங்கள். பேட்டரி வகை எல்எஃப்பி என்றிருந்தால் அதில் கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை. இரும்பும் பாஸ்பேட்டும் லித்தியமும்தான். என்எம்சி என்றிருந்தால் கோபால்ட் உண்டு. எதுவானாலும் வண்டியை விற்க வேண்டாம். நீண்ட நாள் ஓட்டுங்கள். பேட்டரி உழைத்து ஓய்ந்ததும் பழைய இரும்புக் கடையில் போடாமல் நிறுவனத்திடமே திருப்பிக் கொடுங்கள். அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு 2022-ன் பேட்டரிக் கழிவு விதிகளின்படி தயாரிப்பாளருடையது. கோபால்ட் எங்கிருந்து வருகிறது என்று கடையிலும் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி முதல் மின்வாகன பேட்டரிகளுக்கு, விவரங்களைப் பதிந்த மின்னணு அடையாளம் கட்டாயமாகிறது. நாம் கேட்டால் இங்கேயும் வரும்.

கடைசியாக, பையனுக்கு. “உங்க அப்பா சொன்னது உள்ளதுதான். என் வண்டியில் இருக்கும் காந்தம் உங்கள் கடப்புறத்திலிருந்து வந்ததல்ல. ஆனால் இனி வரும் வண்டிகளுக்கு அந்த மண்ணைக் கேட்கிறார்கள். அதைக் கொடுப்பதா வேண்டாமா என்பதில் உங்கள் வீட்டுக்கும் பேச்சு இருக்க வேண்டும்” என்று சொல்லுங்கள். வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். கேள்வி கேட்டதும் அங்கேதானே. அதோடு விட்டுவிடாதீர்கள். கருத்துக்கேட்புக்கு வரும் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழிலும் தர வேண்டும் என்பது 2006-ன் அறிவிக்கை. 2024-ல் நடக்கவிருந்த கூட்டத்துக்கான கிள்ளியூர்த் திட்டத்தின் தமிழ்ச் சுருக்கத்தை மாவட்ட நிர்வாகத்திடம் கேட்டு வாங்கி, இரண்டு வகுப்பு ஒதுக்கி அவர்களோடு உட்கார்ந்து வாசியுங்கள். எவ்வளவு ஆழம் தோண்டுவார்கள், தோண்டிய குழியை எதைக் கொண்டு நிரப்புவார்கள், கிணற்றுத் தண்ணீரை யார் சோதிப்பார்கள் என்று பிள்ளைகளே குறித்துக்கொள்ளட்டும். பதில் இல்லாத கேள்விகளை அவன் வீட்டுக்குக் கொண்டுபோகட்டும். அப்பா அவற்றை ஊர்க்கூட்டத்தில் கேட்பார்.