எல்லாரும் அனுபவிக்கிறோம், காசு மட்டும் யார் கொடுக்கிறது? ஒரு கடைத்தெரு சொல்லித்தரும் பாடம்



"நான் தரைத்தளத்துல இருக்கேன், லிஃப்ட்டுக்கு நான் ஏன் காசு கொடுக்கணும்?" உங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல இந்தச் சண்டையைக் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. இதே சண்டைக்கு கனடாவில் ஒரு கடைத்தெரு வியாபாரிகள் 1970-லேயே ஒரு தீர்வு கண்டுபிடிச்சாங்க. அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

தெருவுக்கு என்ன ஆச்சு?

டொராண்டோ நகரின் மேற்கே இருக்கும் கடைத்தெரு, புளூர் வெஸ்ட் வில்லேஜ். சாலையில் டிராம் ஓடிய வரைக்கும், ஏறி இறங்கும் ஜனங்க அப்படியே கடைக்குள்ள வந்துட்டு இருந்தாங்க. 1968-ல் அந்தப் பகுதிக்கு சுரங்க ரயில் வந்தது. கூட்டம் பூமிக்கு அடியில போயிடுச்சு. இன்னொரு பக்கம் பெரிய மால்கள் வேற. வியாபாரம் படுத்தது.

விளக்கு போடணும், பெஞ்ச் போடணும், செடி வைக்கணும், விழாக்கால அலங்காரம் செய்யணும். இதுல யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனா சங்கத்துக்கு விருப்பப்பட்டவங்க மட்டும் சந்தா கொடுத்தா, கொடுக்காதவர் கடை முன்னாடியும் அதே விளக்குதானே எரியும்?

சந்தா ஏன் தோற்குது? ஒரு சின்னக் கணக்கு

ஒரு உதாரணத்துக்கு, தெருவில் 100 கடை. மாதச் செலவு 1,00,000 ரூபாய். ஆளுக்கு 1,000.

- 30 பேர் கொடுக்கலைன்னா, மீதி 70 பேர் ஆளுக்கு சுமார் 1,430 கொடுக்கணும்.
- அதைப் பார்த்து இன்னும் 20 பேர் விலகினா, மீதி 50 பேருக்கு ஆளுக்கு 2,000.

ஒழுங்கா கொடுக்கிறவருக்குத்தான் சுமை ஏறுது. ஒரு நாள் அவரும் நிறுத்திடுவார். யாரும் கெட்டவங்க இல்லை, ஏற்பாடுதான் தப்பு. பொருளாதாரத்தில் இதை 'ஃப்ரீ ரைடர்' பிரச்சினைன்னு சொல்வாங்க.

அவங்க என்ன செஞ்சாங்க?

"எல்லைக்குள்ள இருக்கிற எல்லாரிடமும் கட்டாயமா வசூல் பண்ண சட்டம் கொடுங்க"ன்னு வியாபாரிகளே அரசிடம் கேட்டாங்க. ஒன்டாரியோ மாகாணம் சட்டம் கொண்டுவந்தது. 1970-ல் உலகின் முதல் 'பிசினஸ் இம்ப்ரூவ்மென்ட் ஏரியா' அங்கே உருவானது. முதல் பட்ஜெட் 47,500 டாலர். பிறகு இந்த முறை அமெரிக்கா, பிரிட்டன் என்று பல நாடுகளுக்குப் பரவியது.

இது ஓடுறதுக்குக் காரணம் மூணு:

1. கட்டாயம்: சொத்து வரியோடு சேர்த்து நகராட்சியே வசூலித்து, சங்கத்திடம் கொடுத்துவிடும். வீடு வீடா போய் கேட்கிற வேலை இல்லை.
2. விகிதம்: சொத்து மதிப்பைப் பொறுத்து பங்கு. பெரிய கடைக்கு அதிகம், சின்னக் கடைக்குக் குறைவு.
3. குரல்: பட்ஜெட்டை உறுப்பினர்கள் முன் வைக்கணும், நகராட்சி மன்றமும் ஒப்புக்கணும்.

உங்க சம்பளத்துல பி.எஃப். பிடிக்கிற மாதிரிதான் முதல் பாயின்ட். விருப்பத்துக்கு விட்டிருந்தா நம்மில் எத்தனை பேர் மாசாமாசம் போட்டிருப்போம்?

இதுல ஒரு சிக்கல் இருக்கு

வரி கட்டடத்தின் மேல வருது. ஆனா ஒப்பந்தத்தைப் பொறுத்து, உரிமையாளர் அதை வாடகைக் கடைக்காரர் தலையில் போட்டுவிடலாம். தெரு அழகானா என்ன ஆகும்? வாடகையும் ஏறும். அதாவது தெருவை மேம்படுத்த காசு கொடுத்தவரே, அதனால ஏறிய வாடகையையும் கொடுக்கணும். கட்டட மதிப்பு கூடின லாபம் உரிமையாளருக்கு. அதனால, ஒரு செலவைப் பார்த்தா "எவ்வளவு?" என்று மட்டும் கேட்காதீங்க. "பலன் கடைசியில் யாருக்கு?" என்றும் கேளுங்க.

இப்போ உங்க வீட்டுக்கு வருவோம்

*வாடகைக்கு இருக்கீங்களா?* காவலாளி, தண்ணீர், துப்புரவு இதெல்லாம் நீங்க அனுபவிக்கிறது. அந்த மாதப் பராமரிப்பை நீங்க கொடுக்கிறது நியாயம். ஆனா புது லிஃப்ட், வெளிப்புற பெயின்ட், கார்பஸ் ஃபண்ட் எல்லாம் சொத்தின் மதிப்பைக் காப்பாத்துற செலவு. அது உரிமையாளர் பொறுப்புன்னு வாடகை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிட்டு கையெழுத்துப் போடுங்க.

*சொந்த வீடா?* பராமரிப்புத் தொகை குறைவா இருக்குன்னு சந்தோஷப்படாதீங்க. இன்னைக்கு மிச்சம் பிடிக்கிற 500 ரூபாய், லிஃப்ட் மாத்தும்போது ஒரே நாளில் பெரிய தொகையா வந்து நிக்கும். பழைய ஃப்ளாட் வாங்கும் முன் மூணு கேள்வி கேளுங்க: கார்பஸ் ஃபண்டில் எவ்வளவு இருக்கு? எத்தனை பேர் பாக்கி வச்சிருக்காங்க? கடைசியா கணக்கு ஆடிட் ஆனது எப்போ?

சங்கக் கூட்டத்துக்கும் போங்க. கட்டாயமா காசு கொடுக்கிறவருக்கு, கணக்கு கேட்கிற உரிமையும் கட்டாயம் உண்டு.

உங்க அபார்ட்மென்ட்ல பாக்கி எவ்வளவுன்னு விசாரிச்சு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோவில் சந்திப்போம்!