கேழ்வரகு பிறந்த கதை

ஓசூரை அடுத்த மூக்கண்டப்பள்ளி தொழிற்சாலைகளுக்குப் பெயர் பெற்றது. ஆயினும் அந்த வட்டாரத்தில் களி என்றால் கேழ்வரகுக் களிதான். இந்தக் கேழ்வரகு எப்படித் தோன்றியது, தெரியுமா?

கேழ்வரகின் உடற்செல் ஒவ்வொன்றிலும் 36 குரோமோசோம்கள் உள்ளன. அதன் உறவான எலூசின் இண்டிகா என்ற களைப்புல்லில் 18 மட்டுமே. வரப்பிலும் சாலையோரத்திலும் வளரும் இப்புல்லின் கதிரும் கேழ்வரகைப் போலவே விரல் விரலாகப் பிரிந்திருக்கும்.

மனிதன் பயிரிடத் தொடங்குமுன்பே, ஆப்பிரிக்காவில் இப்புல்லின் வழிவந்த ஒன்று வேறொரு புல்லுடன் கலந்தது. தாயிடமிருந்து 9, தந்தையிடமிருந்து 9, ஆக 18 குரோமோசோம்கள். ஆனால் குன்றல் பகுப்பின்போது குரோமோசோம்கள் இணை சேரவேண்டும். ஒவ்வாத இரு தொகுதிகள் எப்படிச் சேரும்? இத்தகைய கலப்பினம் பெரும்பாலும் மலடாகும்.

குரோமோசோம்கள் இரட்டித்து 36 ஆனால்? ஒவ்வொன்றுக்கும் தன்னையொத்த துணை கிடைக்கும், 18 இணைகள் அமையும், விதை பிடிக்கும். இதுவே நான்மயம். இவ்வாறு உண்டான காட்டுச் செடியைக் கிழக்கு ஆப்பிரிக்க உழவர்கள் பயிராக்கினர். பின்னர் அது இந்தியாவுக்கு வந்தது.

இது வெறும் ஊகமா? ருஷ்ய விஞ்ஞானி கார்ப்பெச்சென்கோ முள்ளங்கியையும் முட்டைக்கோசையும் கலந்தார். இரண்டிலும் 18 குரோமோசோம்கள். அக்கலப்பில் 36 குரோமோசோம்களுடன் விதை தரும் செடிகள் தோன்றியதை 1928-இல் அறிவித்தார். கோதுமையும் அமெரிக்கப் பருத்தியும் இயற்கையில் இவ்வழியே வந்தவையே.

கேழ்வரகின் தாய்வழியைப் பசுங்கணிகத்தின் டி.என்.ஏ. காட்டிவிட்டது. தந்தைப் புல் மட்டும் இன்னும் அகப்படவில்லை; அது அழிந்தும் போயிருக்கலாம். பயனற்ற களையென நாம் ஒதுக்கும் புற்களைத் தாவரவியலார் தேடிச் சேகரிப்பது ஏனென்று இப்போது விளங்குகிறதல்லவா?