உரோமில் அடித்த கோல்

புதுக்கோட்டை மாவட்டத்துச் செம்மண் திடல்களில் மாலைதோறும் பந்து உதைக்கும் மாணவர் பலரும் அயல்நாட்டு வீரர்களின் பெயர்களை நன்கறிவர். சைமன் சுந்தரராஜ் என்னும் தமிழக முன்கள வீரரை அறிந்தோர் மிகச் சிலரே.

1960ஆம் ஆண்டு உரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு வாய்த்த பிரிவு எளியதன்று. அங்கேரியிடம் 2-1 எனத் தோற்றோம்; பிரான்சுடன் 1-1 எனச் சமன் செய்தோம். எஞ்சியது பெருவுடனான ஆட்டம். அதுவும் கைநழுவிக்கொண்டிருந்த வேளையில், 88ஆம் நிமிடத்தில் சைமன் பந்தை வலைக்குள் செலுத்தினார். ஆட்டம் 3-1 எனத் தோல்வியில் முடிந்தது. தோற்ற ஆட்டத்தின் கோலை எவர் நினைவில் வைப்பர்? ஆயினும் அதன்பின் இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவேயில்லை. ஒலிம்பிக்கில் இந்தியா அடித்த கடைசிக் கோல் இன்றளவும் அதுவே.

ஆட்டத்திலிருந்து விலகியபின் சைமன் பயிற்றுநரானார். கேரள அணி 1973இல் சந்தோஷ் கோப்பையை முதன்முறையாக வென்றபோது அதனைப் பயிற்றுவித்தவர் அவரே. எர்ணாகுளத்தில் நடைபெற்ற இறுதியாட்டத்தில் இரயில்வே அணியைக் கேரளம் 3-2 என வென்றது. மூன்று கோல்களையும் அணித்தலைவர் மணி அடித்தார்.