மார்கழி, தை ஆலோசனை: இனிப்பைப் பழம் பார்த்துக்கொள்ளட்டும்

கிறிஸ்துமஸ், ஆங்கிலப் புத்தாண்டு, பொங்கல் என்று மூன்று வாரத்துக்குள் மூன்று கொண்டாட்டங்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகளும் வீட்டில் இருப்பார்கள். வருகிறவர்கள் கையிலெல்லாம் இனிப்புப் பெட்டி இருக்கும். அதே நேரம் சந்தையில் நெல்லி, கொய்யா, கமலா ஆரஞ்சு, மலைவாழை எல்லாம் வந்திறங்குகிற பருவமும் இதுதான். பலகாரத் தட்டில் ஓர் இனிப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பழத்தை வையுங்கள். இனிப்போடு கூடுதலாகப் பழத்தையும் சேர்த்தால் பயனில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, உணவில் சேர்க்கும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது சுமார் 50 கிராம். 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது. வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன், பழச்சாறு நான்கும் இந்தக் கணக்கில் வரும். முழுப் பழத்திலுள்ள இனிப்பு வராது. ஆகவே, பிழிந்து வடிகட்டாதீர்கள். நறுக்கியோ பிசைந்தோ கொடுங்கள்.

இப்போதே வாங்க வேண்டியவை

நெல்லிக்காயும் கொய்யாவும் முதலில். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி உண்டு. ஆரஞ்சில் ஏறக்குறைய அதில் கால் பங்குதான். திண்டுக்கல், பழனிப் பக்கம் போகிறவர்கள் ஆயக்குடி கொய்யாவையும் சிறுமலை வாழையையும் விடாதீர்கள். கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பதற்குச் சட்டப்படி தடை இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் வாழையைச் செங்காயாகச் சீப்போடு வாங்கி, மூன்று நாள் முன்னதாக வீட்டிலேயே பழுக்கவிடுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு: கேக்கில் டூட்டி ஃப்ரூட்டி வேண்டாம்

அது பெரும்பாலும் பப்பாளிக்காயைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து நிறமேற்றியது. அதற்குப் பதில் கொட்டை நீக்கிய பேரீச்சை, உலர் திராட்சை, அத்தி மூன்றையும் பொடியாக நறுக்குங்கள். மூழ்கும் அளவு ஆரஞ்சுச் சாறு விட்டு, குளிர்பதனப் பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். கொஞ்சம் ஆரஞ்சுத் தோலையும் துருவிப் போட்டால் மணம் தூக்கும். வழக்கமாகப் போடும் சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடலாம். 24-ஆம் தேதி கேக் செய்கிறவர்கள் 23-ஆம் தேதி இரவே ஊறப்போட வேண்டும்.

புத்தாண்டுக்கு: நெல்லி வற்றல்

பெரிய நெல்லிக்காயை ஆவியில் 10 நிமிடம் வேகவையுங்கள். விரலால் அழுத்தினால் சுளை சுளையாகத் தானே பிரியும், கொட்டையை எடுத்துவிடுங்கள். உப்பு, சுக்குப் பொடி, கைப்பிடி வெல்லத்தூள் சேர்த்துப் பிரட்டி, மெல்லிய துணி போர்த்தி வெயிலில் வையுங்கள். மார்கழிப் பனியில் ஈரம் ஏறும் என்பதால் காலை 10 மணிக்கு மேல் வைத்து, 4 மணிக்குள் எடுத்துவிட வேண்டும். நாலைந்து நாள் நல்ல வெயில் பட்டால் ஒட்டாமல் காய்ந்துவிடும். மழை மூட்டம் இருந்தால் தொடங்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும்.

பொங்கலுக்கு: பஞ்சாமிர்தமும் சர்க்கரைப் பொங்கலும்

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்ப்பதில்லை. வீட்டுக்கு எளிய முறை இது: மலைவாழைப் பழம் 6, பேரீச்சை 10, ஒரு கைப்பிடி உலர் திராட்சை, நெய் ஒரு தேக்கரண்டி, ஏலக்காய் 3. கையால் கட்டியில்லாமல் பிசையுங்கள். மிக்ஸியில் அரைத்தால் கூழாகிவிடும். சர்க்கரை போடாததால் இது கெடாமல் நிற்காது. அன்றன்றைக்குச் செய்து அன்றே தீர்த்துவிடுங்கள்.

சர்க்கரைப் பொங்கலில் வெல்லத்தைப் பாதியாக்கி, கனிந்த நேந்திரம்பழத் துண்டுகளை நெய்யில் வாட்டிச் சேருங்கள். குறைத்த இனிப்பைப் பழம் ஈடுகட்டும்.

விருந்தாளி வந்தால்

கொய்யாவை நீளவாக்கில் நறுக்கி, உப்பு, மிளகாய்த்தூள், எலுமிச்சைச் சாறு தூவி நீட்டுங்கள். நறுக்கும் முன் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். வெட்டிய பழத்தை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

யார் கவனமாக இருக்க வேண்டும்

சர்க்கரை நோயாளிகள்: பேரீச்சையும் உலர் திராட்சையும் பழம்தானே என்று அள்ளக் கூடாது. காய்ந்த பழத்தில் இனிப்பு செறிந்திருக்கும். பஞ்சாமிர்தம் ஒரு தேக்கரண்டி போதும். கொய்யா உங்களுக்குத் தோது.

சிறுநீரக நோயாளிகள்: வாழை, பேரீச்சை, ஆரஞ்சு மூன்றிலும் பொட்டாசியம் அதிகம். மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

குழந்தைகள்: ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் நாக்கில் தடவக்கூடக் கூடாது. ஐந்து வயதுக்குள் இருப்பவர்களுக்கு முழு முந்திரி, பாதாம் தராதீர்கள், தொண்டையில் அடைக்கும். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. இந்த வாரச் சந்தையில் இரண்டு கிலோ நெல்லி வாங்கி வற்றல் போடுங்கள். உறவினர் வீட்டுக்குப் போகும்போது இனிப்புப் பெட்டிக்குப் பதில் ஒரு சீப்பு மலைவாழையைக் கொண்டுபோங்கள்.