மூட்டு வலியும் பிரண்டைத் துவையலும்



அன்னதானப் பந்தி முடிந்து எழும்போது, "அப்பா முருகா!" என்று முழங்காலைப் பிடித்துக்கொள்வோர் நம்மில் பலர். அடியேனும் அவர்களுள் ஒருவன். நம் ஆலயத்தின் பின்வேலியில் படர்ந்திருக்கும் பிரண்டையில் ஒரு துண்டு ஒடித்துக்கொள்ளலாமா என்று கேட்டு வரும் அன்பர்கள், "வாத்தியார் ஐயா, இதை எப்படிச் சாப்பிடுவது? மூட்டு வலி தீருமா?" என்றும் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இம்மலரில் ஒரு பாடமாக எழுதுகிறேன்.

பிரண்டை என்பது எது?

பிரண்டை, திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. தண்டு நான்கு பட்டையாக இருக்கும். கணுவுக்குக் கணு ஒடுங்கியிருக்கும். இதற்கு வச்சிரவல்லி என்றும் பெயர். வடநாட்டார் 'எலும்பை ஒட்டுவது' என்னும் பொருளில் 'ஹட்ஜோட்' என்பர். இரண்டு கணுவுள்ள ஒரு துண்டைத் தொட்டியில் ஊன்றினால் போதும், நம் நாட்டு மழைக்கும் வெயிலுக்கும் தானே வளரும். தோட்டத்து லயங்களில் வாழ்ந்த நம் பெரியோர், வாசலோரம் இதை வளர்த்தனர். திவசச் சமையலில் பல இல்லங்களில் பிரண்டைத் துவையல் கட்டாயம் இடம்பெறும். அன்றைய கனத்த உணவு செரிக்க வேண்டுமே என்பதே பெரியோர் கூறும் காரணம்.

துவையல் செய்யும் முறை

கொடியின் நுனியிலுள்ள இளந்தண்டுகளில் ஒரு கைப்பிடி எடுத்துக்கொள்ளுங்கள். முற்றிய தண்டு நாராக இருக்கும். பிரண்டையில் ஊசி போன்ற நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் உண்டு. அவையே கையையும் நாவையும் அரிக்கச் செய்கின்றன. ஆகவே கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கணுக்களை நீக்கி, நான்கு ஓரங்களிலும் நாரை உரித்து, சிறு துண்டுகளாக நறுக்குங்கள்.

இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் இரண்டு கரண்டி உளுத்தம்பருப்பு, மூன்று நான்கு காய்ந்த மிளகாய், சிறிது பெருங்காயம் ஆகியவற்றை வறுத்து எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் பிரண்டையை நிறம் மாறிச் சுருளும்வரை வதக்குங்கள். நெல்லிக்காய் அளவு புளி, உப்பு, சிறிது தேங்காய் சேர்த்து அரையுங்கள். நன்கு வதக்குவதையும் புளி சேர்ப்பதையும் விட்டுவிடாதீர்கள். இவையே அரிப்பை அடக்குகின்றன. பச்சையாக மெல்லவே கூடாது. வாரம் ஒரு முறையோ இரு முறையோ சுடுசோற்றில் பிசைந்து உண்டால் போதும்.

பயன் எவ்வளவு?

பசியைத் தூண்டும், வயிற்று மந்தத்தைப் போக்கும் என்பது வழிவழி அனுபவம். எலும்பைப் பொறுத்தவரை, 1960களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் கே. என். உடுப்பா குழுவினர் விலங்குகளில் ஆய்வு செய்து, எலும்பு முறிவு கூடுவதற்குப் பிரண்டை துணைபுரிவதைக் கண்டனர். ஆனால் முறிவு வேறு, மூட்டு வலி வேறு. மூட்டு வலியும் ஒரே நோயன்று. வயதினால் வரும் தேய்மானம் ஒன்று; யூரிக் அமிலம் கூடுவதால் வருவது ஒன்று; உடலின் காப்பு ஆற்றலே மூட்டைத் தாக்கும் முடக்குவாதம் மற்றொன்று. எது என்று பரிசோதித்து அறியாமல், எல்லாவற்றுக்கும் ஒரே மூலிகை என்பது சரியன்று. மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சலும் கண்டால் அன்றே மருத்துவரைக் காணுங்கள்.

சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பிரண்டையைத் தவிர்ப்பது நலம். கருவுற்ற தாய்மார்களும், சர்க்கரைக்கோ இரத்தம் உறையாமைக்கோ மருந்து உண்போரும் மருத்துவரைக் கேட்டபின் உண்ணுங்கள்.

என் அண்ணன் கற்ற பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் என் அண்ணன், இரவுச் சந்தையில் 'பிரண்டை சேர்ந்த மூட்டுப் பொடி' என்று ஒன்றை வாங்கி உண்டார். மூன்றே நாளில் வலி பறந்தது. "பார்த்தாயா தம்பி, நம் மூலிகையின் மகிமையை!" என்றார். நானும் மகிழ்ந்தேன். மாதங்கள் செல்ல அவர் முகம் வட்டமாக உப்பியது, சர்க்கரை ஏறியது, தோல் மெலிந்து, தொட்ட இடமெல்லாம் கன்றியது. பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்றார் மருத்துவர். அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து என்று சொல்லி, சிறிது சிறிதாகக் குறைத்தே அவரை மீட்டார். பிள்ளைகளுக்கு அறிவியல் கற்பித்த நான், அந்தப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்து, "அண்ணே, இதில் என்ன இருக்கிறது?" என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அது என் குறை.

ஆகவே அன்பர்களே, மூலிகை மருந்தைக் கடையில் வாங்கினால், 'எம்.ஏ.எல்.' என்ற எழுத்துகளுடன் தொடங்கி, 'டி' என முடியும் பதிவு எண் உள்ளதா என்று பாருங்கள். பாரம்பரிய மருந்துகளுக்கு நம் மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம் வழங்கும் எண் அது. எண் இல்லையேல் வாங்காதீர்கள். மூன்று நாளில் அற்புதம் செய்யும் பொடியை இன்னும் அதிகமாகச் சந்தேகியுங்கள். ஏற்கெனவே உண்டு வருபவர்கள் தாமாக நிறுத்தாமல், பொட்டலத்துடன் மருத்துவரிடம் செல்லுங்கள்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. அதில் ஒரு மூலிகையின் பெயரும் இல்லை. முன் உண்டது செரித்ததை அறிந்து, அளவோடு உண்பதையே வள்ளுவர் வலியுறுத்துகிறார். பிரண்டையையும் அவ்வாறே, இலையில் ஒரு துவையலாக, அளவோடு வைத்துக்கொள்வோம். மருத்துவர் தந்த மருந்தையும் விடாமல் உண்போம்.

துண்டு வேண்டுவோர் வெள்ளிக்கிழமை பூசைக்குப் பின் அடியேனைக் காணலாம். கையில் தடவிக்கொள்ள எண்ணெய் மறவாதீர்கள்!

அனைவரும் நலமுடன் வாழ எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவானாக.