தேன் சொல்லும் சாட்சி

வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த இரண்டு தேன்களை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நிறம் வேறு, மணம் வேறு. இரண்டையும் சேர்த்தவை தேனீக்கள்தாம். ஆனால் அவை நாடிய பூக்கள் வேறு. எந்தப் பூ என்று தேனையே கேட்டால் சொல்லுமா? சொல்லும். சில சமயம் பொய்யும் சொல்லும்!

பூவில் சுரக்கும் இனிப்பு நீரைப் பூந்தேன் என்கிறோம். தேனீ அதை உறிஞ்சும்போது மகரந்தத் துகள்கள் அதில் உதிர்ந்து, கூடு வரை போய்ச் சேர்கின்றன. ஆய்வாளர்கள் 10 கிராம் தேனை 20 மில்லிலிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, மையவிலக்குக் கருவியில் வேகமாகச் சுழற்றுவார்கள். அடியில் தங்கும் வண்டலைக் கண்ணாடித் தகட்டில் இட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். யூகலிப்டஸ் மகரந்தம் முக்கோணமாகத் தெரியும். சூரியகாந்தியுடையது முள் முளைத்த உருண்டை. தென்னையுடையது நீண்டு, ஒரே ஒரு பள்ளக் கோட்டுடன் இருக்கும். வண்டலில் ஒரு செடியின் மகரந்தம் நூற்றுக்கு 45-க்கு மேல் இருந்தால், அச்செடியின் தேன் என்று கொள்வது பொதுவான வழக்கம்.

இனிமேல்தான் சிக்கல். ஆரஞ்சு, எலுமிச்சை இனப் பூக்களில் பூந்தேன் ஏராளம். அதில் கலக்கும் மகரந்தமோ சொற்பம். ஆகவே அவற்றின் மகரந்தம் நூற்றுக்கு 10 முதல் 20 வரை இருந்தாலே போதும் என்கிறார்கள். ஐரோப்பாவின் செஸ்ட்நட் மரத்தின் கதை நேர்மாறு. அதற்கு 90 பங்காவது வேண்டும். போதாக்குறைக்கு, தேனீயின் தேன்பையில் வடிகட்டி போன்ற ஓர் உறுப்பும் உண்டு. பெரிய துகள்கள் அதில் சிக்கிவிடும். சிறியவை நழுவித் தப்பும்.

நம் குமரி மாவட்டத்தில் இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. மார்த்தாண்டம் வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்களில் தேனீப் பெட்டிகள் வைக்கிறார்கள். ரப்பர் மரம் இலையுதிர்த்துப் புதிதாகத் துளிர்க்கும்போது, மூன்று சிற்றிலைகள் கூடும் காம்பு முனையிலுள்ள சுரப்பிகளில் இனிப்பு நீர் வடியும். தேனீக்கள் அதைத்தான் திரட்டுகின்றன. தேன் பிறந்தது இலையில்; அங்கே ஏது மகரந்தம்? அந்தத் தேனில் காண்பவை பெரும்பாலும் அக்கம்பக்கத்துச் செடிகளின் துகள்களே. வீட்டுக்காரரை விட்டுவிட்டு விருந்தாளிகளை எண்ணினாற்போல!

எடைக்கணக்கில் மகரந்தம் தேனில் மிக அற்பம். 100 கிராம் தேனில் ஏறக்குறைய 38 கிராம் ஃபிரக்டோஸ், 31 கிராம் குளுக்கோஸ், 17 கிராம் நீர். மீதி வேறு சர்க்கரைகள், அமிலங்கள், தாதுப்பொருள்கள். ஈரப்பதம் மிகுந்த இடங்களில் நீர் கூடும். அளவு மீறிக் கூடினால், சர்க்கரையைத் தாங்கும் ஈஸ்ட்டுகள் பெருகித் தேன் புளிக்கும்.

தேனில் பாக்டீரியா ஏன் வளர்வதில்லை? ஊறுகாயில் உப்பு செய்யும் வேலையை இங்கே சர்க்கரை செய்கிறது. நுண்ணுயிரின் உடலிலிருந்தே நீரை வெளியே இழுத்துவிடும். தேனின் அமிலத்தன்மையும் துணை நிற்கிறது. அதன் பி.ஹெச். மதிப்பு பெரும்பாலும் 3.5-க்கும் 4.5-க்கும் இடையில் இருக்கும்.

சரி, நீர் ஊற்றிச் சர்க்கரையின் செறிவைக் குறைத்தால்? அப்போதும் தேன் பாக்டீரியாவைத் தடுத்தது! 1937-இல் ஜெர்மன் ஆய்வாளர் டோல்டும் அவருடைய கூட்டாளிகளும் இதற்குக் காரணமான, அன்று இன்னதென்று அறியப்படாத பொருளுக்கு ‘இன்ஹிபின்’ என்று பெயரிட்டார்கள். 1960-களின் தொடக்கத்தில்தான் அமெரிக்காவில் ஒயிட் குழுவினர் அதன் முகமூடியைக் கழற்றினார்கள். அது ஹைட்ரஜன் பெராக்சைடு. தேனீ தன் சுரப்பியிலிருந்து குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதியைத் தேனில் சேர்க்கிறது. கெட்டித் தேனில் அது உறங்கிக் கிடக்கும். நீர் பட்டதும் விழித்துக் குளுக்கோஸிலிருந்து பெராக்சைடை உண்டாக்கும். தேனைச் சூடாக்கினால் நொதி கெடும். இன்னொன்றும் உண்டு: மகரந்தத்திலிருந்தும் பூந்தேனிலிருந்தும் வரும் கேட்டலேஸ் என்ற நொதி பெராக்சைடைச் சிதைக்கும். எனவே பூ மாறினால் தேனின் ஆற்றலும் மாறும்.

நம் இரத்தத்திலும் கேட்டலேஸ் இருக்கிறது. ஆகவே புண்ணில் இட்ட தேனின் பெராக்சைடு விரைவில் அழியவேண்டும். நியூசிலாந்தில் வைக்காட்டோ பல்கலைக்கழகத்தின் பீட்டர் மோலன், கேட்டலேஸைக் கலந்த பின்னும் மானுக்கா என்னும் புதரின் தேன் பாக்டீரியாவைத் தடுப்பதைக் கண்டார். காரணம் 2008-இல் வெளிப்பட்டது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள் மானுக்காத் தேனில் மீதைல்கிளையாக்ஸல் என்ற சேர்மத்தைக் கிலோவுக்கு 38 முதல் 761 மில்லிகிராம் வரை அளந்தார்கள். சாதாரணத் தேன்களில் அது சில மில்லிகிராம்தான். மானுக்காப் பூந்தேனிலுள்ள ஒரு மூலப்பொருள் தேனில் இருந்தபடியே மெல்ல மெல்ல இதுவாக மாறுகிறது.

இதைப் படித்துவிட்டு வீட்டுத் தேனைப் புண்ணில் தடவ ஓடாதீர்கள்! தேனில் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சாகாமல் உறங்கக்கூடும். மருத்துவத் தேனைக் காமாக் கதிர்களால் தூய்மைப்படுத்துவது அதனால்தான். ஒரு வயது நிரம்பாத குழந்தையின் நாவில் தேன் தடவக்கூடாது என்பதும் இதனாலேயே; பாட்டிமார் கோபித்துக்கொண்டாலும் சரி.

மானுக்காத் தேனுக்கு விலை ஏறியதும் போலிகளும் புறப்பட்டன. மகரந்தத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமே என்பீர்கள். நியூசிலாந்தில் மானுக்காவின் உறவினமான கானுக்காவும் வளர்கிறது. இரண்டின் மகரந்தங்களையும் நுண்ணோக்கியில் பிரித்தறிவது அரிது. ஆகவே அந்நாட்டு அரசு 2017-இல் புது இலக்கணம் வகுத்தது: தேனில் நான்கு வேதிப்பொருள்கள் குறித்த அளவில் இருக்கவேண்டும்; அதிலுள்ள மகரந்தத்தின் டி.என்.ஏ.வும் மானுக்காவுடையதாக இருக்கவேண்டும். 2018 பிப்ரவரி முதல், மானுக்கா என்ற பெயரில் ஏற்றுமதியாகும் தேன் இந்த ஐந்து சோதனைகளிலும் தேறியாக வேண்டும்.