டி டிரைவ் எங்கே போனது?

மாணவர்களே, ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை நிறுவிவிட்டு, கணினியைத் திறக்கும்போது வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். 2011-இல் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு இலவசமாக வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் இப்படித்தான் சேர்ந்திருந்தன. லுக்குட்டில் என் மாணவர்கள் சிலரும் பழைய கணினியில் இதைச் செய்து பார்க்கிறார்கள். பிறகு வரும் கேள்வி: “சார், டி டிரைவில் வைத்த பாடக்குறிப்பைக் காணோம்!”

குறிப்பு எங்கும் போகவில்லை. பெயர்தான் மாறியிருக்கிறது.

தோட்டத்தில் வளர்ந்த உங்கள் தாத்தாவைக் கேளுங்கள். ஒரே பால்மரக் காட்டை அலுவலகம் ஓர் எண்ணால் அழைக்கும். வேலையாட்கள் வேறொரு பெயரால் அழைப்பார்கள். காடு ஒன்றுதான். வன்தட்டின் பிரிவுகளும் அப்படியே. சி, டி என்ற எழுத்துகள் தட்டில் எழுதப்பட்டவை அல்ல. ஒவ்வொரு விண்டோஸும் தன் பதிவேட்டில் தனியாகக் குறித்து வைத்திருப்பவை. விண்டோஸ் 10 இருக்கும் கணினியில், நிறுவல் பென்டிரைவிலிருந்து தொடங்கி விண்டோஸ் 11-ஐ இன்னொரு பிரிவில் நிறுவினால், புதியது தன் பிரிவையே ‘சி’ என்று அழைக்கும். பழையதற்கு அதே பிரிவு ‘டி’யாகவோ ‘ஈ’யாகவோ தெரியலாம். எந்த விண்டோஸில் இருக்கிறோம் என்று பாராமல் “டி-யை அழித்துவிடு” என்றால் என்ன ஆகும்?

(ஏ, பி எங்கே என்கிறீர்களா? அவை நெகிழ்தட்டுகளுக்கு உரியவை. 1983-இல் வந்த ஐபிஎம் எக்ஸ்டி கணினியின் 10 மெகாபைட் வன்தட்டுக்கு ‘சி’தான் கிடைத்தது.)

லினக்ஸில் இந்த எழுத்துகளே இல்லை. ஒவ்வொரு பிரிவும் ஒரு கோப்புறையாக இணைக்கப்படும். ஆனால் லினக்ஸ் பிரிவை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. சில சமயம் அதற்கும் ஓர் எழுத்தைக் கொடுத்துவிட்டு, “பயன்படுத்துமுன் ஃபார்மேட் செய்ய வேண்டும்” என்று கேட்கும். சம்மதித்தால் லினக்ஸும் அதிலுள்ள கோப்புகளும் போய்விடும். ரத்து செய்யுங்கள்.

தொல்லை தராமலிருக்க, விண்டோஸின் வட்டு மேலாண்மைப் பகுதிக்குச் சென்று அந்தப் பிரிவின் எழுத்தை மட்டும் நீக்கிவிடலாம். உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். ஆனால் அதே பட்டியலில் பிரிவையே நீக்கும் கட்டளையும் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், அவசரத்தில் கை தவறும் இடம் இதுதான்! விண்டோஸ் இயங்கும் ‘சி’யின் எழுத்தையும் மாற்ற முயலாதீர்கள். நிரல்கள் அந்த எழுத்தை நம்பியே தங்கள் கோப்புகளைத் தேடுகின்றன.

பாடக்குறிப்புகளுக்குத் தனிப் பிரிவு வைத்திருந்தால், இரண்டு விண்டோஸிலும் அதற்கு ஒரே எழுத்தைக் கொடுங்கள். பென்டிரைவ் எளிதில் எட்டாத ‘எஸ்’ போன்ற எழுத்து நல்லது. அதோடு ‘பாடம்’ என்று பிரிவுக்கு ஒரு பெயரும் வையுங்கள். எழுத்தைப் போலன்றி இந்தப் பெயர் அந்தப் பிரிவிலேயே எழுதப்படுவதால் லினக்ஸிலும் தெரியும். எதையாவது அழிக்கும் முன் அந்தப் பெயரையும் பிரிவின் அளவையும் பாருங்கள். எழுத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.